கஞ்சித் தொட்டி குறித்து ஒரு கேள்வி

ஒருவனுக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதை அவன் வயிற்றைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ராஜாங்க நிர்வாகத்தின் அரிச்சுவடிகூடத் தெரியாதவர்கள். வயிறு அரசாங்கத்துக்கு நேரே மனுப் போட முடியாது. அது யாரிடமாவது சொல்ல வேண்டும். அவர் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் சட்டசபையில் எழுந்து நின்று, இங்கிலீஷில், கேள்வியாகக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பசி உண்டா இல்லையா என்று அரசாங்கம் யோசிக்கத் தொடங்கும். முப்பத்தொன்றாம் வருஷம் ஆம்பூரில் அப்படித்தான் நடந்தது.

சீமையில் தோல் வாங்க ஆளில்லாமல் போன வருஷம் அது. லண்டனில் யாரோ கையை விரித்தார்கள், இங்கே ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல் ஊறுகிற நாற்றம் ஊரைவிட்டுப் போயிற்று. ரயிலில் போகிறவர்கள் மூக்கைப் பிடிக்காமல் ஆம்பூரைக் கடந்தார்கள், அவர்களுக்குச் சந்தோஷம். ஊர்க்காரர்களுக்கு அந்த நாற்றம்தான் சோறு.

சுப்பராயன் பட்டைக்குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவன். ஷாப்பு மூடியதும் அவனும் அவன் பெண்சாதி அமிர்தவள்ளியும் வீட்டில் இருந்ததை எல்லாம் விற்றுத் தின்றார்கள். பக்கத்து வீட்டு மஹ்பூபிக்கு விற்கவும் ஒன்றுமில்லை. அவள் புருஷன் ரஃபி அகமது வேலை தேடிப் பெங்களூர் போனவன், போனவன்தான். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு பெண் குழந்தைகள் அவளுக்கு.

இந்த மட்டில் ஒரு நல்லது நடந்திருந்தது. கலெக்டர் புண்ணியத்தில் மூடிய ஷாப்பின் பின்பக்கம் ஒரு கஞ்சித் தொட்டி திறந்திருந்தார்கள். மத்தியான வேளைக்கு ஆளுக்கு ஒரு குவளை கஞ்சி. தெருவே அதில்தான் உயிர் வைத்திருந்தது. ஆனால் கலெக்டருக்கு உள்ள அதிகாரம் மாசக் கடைசி வரைக்கும்தான். அதற்கு மேல் நடத்த வேண்டுமானால் சென்னைப் பட்டணத்து உத்தரவு வேண்டும். உத்தரவு வர வேண்டுமானால் ஆம்பூரில் பசி இருப்பதாக அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்வதா! எந்த அரசாங்கம் அதைச் செய்யும்?

ஆகவே எதிர்க்கட்சித் தலைவர் வந்தார்.

எதிர்க்கட்சித் தலைவர் கோதண்டபாணி வேலூரில் பேர்போன வக்கீல். சரிகை அங்கவஸ்திரம், தங்கக் கைப்பிடி போட்ட தடி, பின்னால் கங்காதரன் என்ற குமாஸ்தா. நிலைமையை நேரில் காண வந்தவர், தெருவில் இருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்துக் கண்டார். மஹ்பூபியைப் பார்த்து, "பெண்பிள்ளை வேண்டாம், அனுதாபம் வரும், வாதம் வராது" என்றார். கிழவர்களைப் பார்த்து, "வயசினால் மெலிந்தவர்கள் என்று சொல்லிவிடுவான்" என்றார். சுப்பராயனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"மேல்துண்டை எடுப்பா."

சுப்பராயன் எடுத்தான். கோதண்டபாணி தடியின் நுனியால் அவன் விலாவில் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

"பலே! இந்த விலா எலும்பு இருக்கே, இது வெறும் எலும்பில்லைடா. அரசாங்கத்தைக் குத்துகிற ஈட்டி. உன் பேர் என்ன?"

"சுப்பராயனுங்க எசமான்."

"கங்காதரா, எழுதிக்கொள். சுப்பராயா, உன் பேர் இனிமேல் சட்டசபையிலே ஒலிக்கும்."

"கஞ்சித் தொட்டி தொறந்தே இருக்குமாங்க எசமான்?" என்று கேட்டான் சுப்பராயன். "மஹ்பூபிக்கு ரெண்டு பொண்ணுங்க. பால்கூட கெடையாது, கஞ்சித்தாங்க."

"அதெல்லாம் பார்த்துக்கலாம். முதல்லே அரசாங்கம் பதில் சொல்லட்டும்" என்றார் கோதண்டபாணி.

அரசாங்கம் பதில் சொல்லிற்று. (அ) ஆம்பூரில் சுப்பராயன் முதலான தோல் ஷாப்புத் தொழிலாளர் பட்டினி கிடப்பது அரசாங்கத்துக்குத் தெரியுமா? (ஆ) தெரியுமாயின் கஞ்சித் தொட்டியைத் தொடர்ந்து நடத்த உத்தேசம் உண்டா? (இ) இல்லையெனில் ஏன்? என்று கோதண்டபாணி கேட்டார். அரசாங்கத் தரப்பில் ரெவின்யூ இலாகாவைப் பார்க்கிற ரெவின்யூ மெம்பர் எழுந்து, (அ) தகவல் இல்லை; (ஆ) இந்தக் கேள்வி எழவில்லை; (இ) இதுவும் எழவில்லை என்று சொல்லி உட்கார்ந்தார். தகவல் இல்லை என்ற தகவல் அரசாங்கத்துக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கோதண்டபாணி துணைக் கேள்வி போட்டார். பொது நலனை முன்னிட்டு அதை வெளியிட முடியாது என்றார் மெம்பர். சபையில் நல்ல சிரிப்பு. நேரில் போய் விசாரித்துத் தகவல் தருவிக்கப்படும் என்ற வாக்குறுதியோடு அன்றைய பொழுது முடிந்தது. மறுநாள் பத்திரிகையில் சிரிப்பு மட்டும் இரண்டு இடத்தில் அச்சாகியிருந்தது.

தகவல் தருவிக்க டிப்டி கலெக்டர் ஒருவர் வந்தார். காலை வேளை, தொட்டி திறக்க இன்னும் நேரம் இருந்தது. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. குதிரை வண்டியிலிருந்து தெருமுனையிலேயே இறங்கி, டவாலிச் சேவகன் குடை பிடிக்க நடந்து வந்தார். யாரையும் அதட்டவில்லை. வேப்பமரத்தடியில் கைகட்டி நின்ற சுப்பராயனிடம் தானாகவே வந்தார்.

"நீதானே சுப்பராயன்? என்னப்பா, சௌக்கியமா? சாப்பாடெல்லாம் ஆச்சா?"

"ஆச்சுங்க சாமி" என்றான் சுப்பராயன்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே காதில் விழுந்தது. அட பாவி! முந்தின நாள் மத்தியானம் குடித்த ஒரு குவளைக் கஞ்சிக்குப் பிறகு அவன் வாயில் பட்டது தண்ணீர் மட்டும்தான். ஆனால் என்ன செய்வான்? நம் ஊரில் தெருவில் எதிர்ப்படுகிறவர் சாப்பிட்டாயா என்று கேட்டால் இல்லை என்று எவனாவது சொன்னதுண்டா? இல்லை என்று சொன்னால் அது பதிலா? போடு என்று கையேந்துகிற மாதிரி அல்லவா? அதிலும் வீடு தேடி வந்த பெரிய மனுஷர், சிரித்த முகமாகக் கேட்கிறார். அவரை நிற்க வைத்துக்கொண்டு நான் பட்டினி என்று சொல்வது எந்த ஊர் மரியாதை? நாக்கு அவனைக் கேட்காமலே மரியாதையைச் செய்துவிட்டது.

டிப்டி கலெக்டர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு ஒவ்வொரு வாசலாகப் போனார். பின்னாலேயே ஓடிப்போய், "சாமி, தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். சுப்பராயன் மரத்தடியிலேயே நின்றான். மத்தியானம் கஞ்சி வரிசையில் மஹ்பூபிக்குப் பின்னால் போகாமல், தள்ளி, கடைசியில் போய் நின்றான். அவளுடைய சின்னப் பெண் இடுப்பிலிருந்து திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் கஞ்சியைப் பாதி குடித்து, மீதியை அந்தக் குழந்தையின் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு வேகமாக வந்துவிட்டான்.

"இன்னாத்துக்கு இப்டி பேயறைஞ்சாப்ல கீறே?" என்று கேட்டாள் அமிர்தவள்ளி.

"ஒண்ணுமில்ல."

"அந்த டிப்டி இன்னா கேட்டாரு உன்னை?"

"சும்மா. சௌக்கியமான்னாரு."

அமிர்தவள்ளியும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் முகமும் அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் குற்றமுள்ள மனசுக்கு அடுத்தவர் முகம் எங்கே கண்ணில் படுகிறது?

அடுத்த கூட்டத்தில் ரெவின்யூ மெம்பர் அறிக்கையை வாசித்தார். பொறுப்புள்ள உத்தியோகஸ்தர் ஒருவர் நேரில் சென்று விசாரித்ததாகவும், எதிர்க்கட்சித் தலைவர் பெயர் குறிப்பிட்ட அதே சுப்பராயன், யாதொரு வற்புறுத்தலுமின்றி, தான் சாப்பிட்டுவிட்டதாகத் தன் வாயாலேயே தெரிவித்ததாகவும், ஆகையால் கஞ்சித் தொட்டி மாசக் கடைசியோடு மூடப்படும் என்றும் சொன்னார். சபையில் பலத்த சிரிப்பு. கோதண்டபாணி சிவந்து போனார். ஆம்பூர் பட்டினி பற்றி அவருக்கு இருந்த கோபத்தைவிட இந்தச் சிரிப்பின் மேல் வந்த கோபம் பெரிது. ஒத்திவைப்புத் தீர்மானம் கொடுத்தார். கங்காதரனை அனுப்பிச் சுப்பராயனைச் சென்னைக்கு இழுத்துவரச் சொன்னார்.

புறப்படும்போது தெருவே ரயிலடிக்கு வந்தது. அறிக்கையில் என்ன இருந்தது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. கங்காதரன் ரயிலடியில் சுப்பராயன் காதில் மட்டும் அதைப் போட்டிருந்தான். "நம்ம சுப்பராயன் கவர்மெண்டோட மல்லுக்கட்டப் போறான்" என்று வீரபாகு எல்லோரிடமும் பெருமை அடித்தான். வீரபாகு பட்டைக்குழியில் சுப்பராயனோடு இறங்குகிற தோஸ்த். மஹ்பூபி ஒரு காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் பொரி கொடுத்தாள்.

"வழியில தின்னுங்கண்ணா. பட்டணத்துல எல்லாம் ஜாஸ்தி வெலை."

அந்தப் பொரியை அவள் யாரிடம் கேட்டு வாங்கினாளோ! சுப்பராயனால் அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. ரயிலில் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திருவல்லிக்கேணியில் கோதண்டபாணியின் ஜாகையில் காலையில் இட்டிலி வெந்துகொண்டிருந்தது. கங்காதரன் சுப்பராயனைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்து, முதல் காரியமாகப் பொரிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

"இன்னைக்கு நீ ஒண்ணும் சாப்பிடப்படாது. எசமான் உத்தரவு."

"ஏனுங்க?"

"என்னய்யா இது, தீர்மானமே உன்னைக் காட்டித்தான். நீ தெம்பா வந்து உக்காந்தா கேஸ் என்னத்துக்கு ஆகும்?"

கோதண்டபாணி ஏப்பம் விட்டபடி வந்து அவனை மேலும் கீழும் பார்த்துத் திருப்தி அடைந்தார். "பேஷ். கண்ணு நன்னா உள்ளே போயிருக்கு. இப்படியே இரு. ஏழைகளின் பசியைத் தீர்க்காமல் நான் ஓயமாட்டேன், தெரிஞ்சுதா?"

"எசமான், அன்னிக்கு நாந்தான் சாப்ட்டேன்னு..."

"அதைப் பத்திக் கவலைப்படாதே. ஆளைப் பார்த்தா உலகமே நம்பும். நீ வாயே திறக்க வேண்டாம். அங்கே உன்னாட்டம் ஆட்கள் வாயைத் திறக்கிறது சட்ட விரோதம்."

கோட்டையில் சட்டசபை மாடத்தில் பார்வையாளர் பெஞ்சில் சுப்பராயன் உட்கார்ந்தான். பக்கத்தில் கங்காதரன், கீழே நடப்பதைத் தமிழில் சொல்ல. மின்சார விசிறிகள் சுற்றின. முதல் விவாதம், பட்டினி என்ற சொல் சபை மரபுக்கு ஒத்ததா என்பது. கூடாது, ஆகாரக் குறைவு என்றே சொல்ல வேண்டும் என்று ஒரு ஜமீன்தார் உறுப்பினர் ஆட்சேபித்தார். கோதண்டபாணி பட்டினியை விட்டுக்கொடுக்க மறுத்தார். கடைசியில், சொல்லப்படுகிற பட்டினி என்று இரு தரப்பும் சமாதானமாயின.

அடுத்தது, பசி எந்த இலாகாவைச் சேர்ந்தது என்பது. அந்த நாளில் இலாகாக்கள் இரண்டு வகை. கவர்னரின் மெம்பர்கள் கையில் ஒரு பாதி, நம்மவர்களான மந்திரிகள் கையில் ஒரு பாதி. வயிறு சுகாதாரத்தைச் சேர்ந்தது, ஆகவே மந்திரி பொறுப்பு என்றார் ரெவின்யூ மெம்பர். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது அது சுகாதாரமாகாது, பஞ்சம், ஆகவே மெம்பர் பொறுப்பு என்றார் மந்திரி. அரிசி விளையாததால் வந்த பசியானால் பஞ்சம், இது அரிசி இருந்தும் வாங்க முடியாத பசி, ஆகவே கைத்தொழில் என்று மறுபடியும் மெம்பர் எழுந்தார். பசியை இருவரும் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டார்கள்.

"இப்ப இன்னா சொல்றாங்க?" என்று சுப்பராயன் கேட்டான்.

"உன் வயித்துக்கு யார் எசமான்னு பேசறா. சும்மாயிரு."

பிறகு ரெவின்யூ மெம்பர் நீண்ட பதில் உரை ஆற்றினார். சாந்தமான குரல், தர்மசிந்தனை உள்ள முகம்.

"தலைவர் அவர்களே, இந்த அரசாங்கம் பசிக்கு விரோதி அல்ல. எதிர்க்கட்சித் தலைவர் பசியை ஏதோ இந்த அரசாங்கம் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார். அவர் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்திலும் ஆம்பூரில் பசி இருந்தது. அப்போது அவர் அதைப் பொறுமையோடு நிர்வகித்தார். நாங்களும் அந்த வழியிலேயே போகிறோம். கஞ்சித் தொட்டிக்குத் தினமும் ஏராளமானவர்கள் வருகிறார்கள் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். வருகிறவர்கள் கஞ்சி குடிக்கிறார்கள். குடித்தவர்களுக்குப் பசி இல்லை. பசி இல்லாதவர்களுக்கு எதற்காகத் தொட்டி? கஷ்ட காலம் என்கிறார். கஷ்டம் எங்களுக்கு இல்லையா? இந்த வருஷம் ஊட்டிக்குப் போகும் முகாமில் நாங்கள் வாத்தியக் குழுவைக்கூடக் குறைத்துக்கொண்டோம்!"

கேட்டவர்கள் மேஜையைத் தட்டினார்கள். கோதண்டபாணி துள்ளி எழுந்தார். அங்கவஸ்திரம் நழுவிற்று, அதைச் சரிசெய்து கொண்டு மாடத்தை நோக்கிக் கையை நீட்டினார். "அதோ! அந்தச் சுப்பராயன் அங்கே உட்கார்ந்திருக்கிறான்! அவன் விலா எலும்பைப் பாருங்கள்!"

சபைத் தலைவர் மணியை அடித்தார். மாடத்தில் இருப்பவர்களைச் சுட்டிப் பேசுவது விதிக்கு விரோதம். சபையைப் பொறுத்த வரை அங்கே இருப்பவர்கள் இல்லாதவர்கள் என்று தீர்ப்புச் சொன்னார். கோதண்டபாணி தலைவணங்கி, தாம் குறிப்பிட்ட நபர் இல்லாதவர் என்பதை ஏற்றுக்கொண்டார்.

"இன்னா ஆச்சு? தொட்டி உண்டாமா?"

"நீ இங்கே இல்லைன்னு தீர்ப்பு. அந்த அறிக்கை நிக்கறது. நீ சாப்பிட்டேன்னு சொன்னது நிக்கறது. இனி அவ்வளவுதான்" என்றான் கங்காதரன்.

சுப்பராயனுக்கு மஹ்பூபியின் பெண் சிரித்தது கண்ணுக்குள் வந்தது. அவனால் தாங்க முடியவில்லை. கங்காதரன் வேட்டியைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"சாமி! நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்! சாப்பிடலைங்க! எங்க தெருவுல யாரும் சாப்பிடல! தொட்டியை மூடாதீங்க சாமி!"

பசி என்ற விஷயத்தில் அத்தனை நேரமும் ஒன்றுசேராத சபை, இந்த விஷயத்தில் ஒரே நொடியில் ஒன்றுசேர்ந்தது. மாடத்திலிருந்து ஒருவன் பேசுவதா! அதுவும் தமிழில்! முதலில் எழுந்து கண்டித்தவர் கோதண்டபாணி. இந்தச் சபையின் மாட்சிமையைவிடத் தமக்குப் பெரியது ஒன்றுமில்லை என்றும், அந்த நபரை இதற்கு முன் தாம் பார்த்ததே இல்லை என்றும் நாத்தழுதழுக்கச் சொன்னார். ரெவின்யூ மெம்பர் எதிர்க்கட்சித் தலைவரின் பெருந்தன்மையைப் பாராட்டினார். கூடவே, தான் பொய்யன் என்று இந்த ஆசாமியே ஒப்புக்கொண்டுவிட்டதால், சாப்பிடவில்லை என்று அவன் இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்றும் கேட்டார். சபையின் கௌரவம் பற்றி இருபுறத்திலிருந்தும் உருக்கமான பேச்சுகள் நடந்தன. அது முடிவதற்குள் தீர்மானத்துக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. கஞ்சித் தொட்டித் தீர்மானம் காலாவதியாயிற்று என்று தலைவர் அறிவித்தார்.

சுப்பராயனைக் கோட்டைச் சார்ஜெண்டு சபை கலையும் வரை ஒரு சாமான் அறையில் பூட்டி வைத்திருந்துவிட்டு, பிடரியில் ஒன்று போட்டு வெளியே விட்டான். வாசலில் கோதண்டபாணி மோட்டாரில் ஏறிக்கொண்டிருந்தார். சுப்பராயன் ஓடிப்போய்க் கும்பிட்டான். "என் அரசியல் வாழ்வையே கெடுத்திட்டியேடா, பாவி!" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார் அவர். கங்காதரன்தான் மனசு கேட்காமல் ரயில் டிக்கட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் புது மாசம் பிறந்திருந்தது. சுப்பராயன் ஆம்பூர் ரயிலடியில் இறங்கித் தெருவுக்கு வந்தபோது, தொட்டியின் அண்டாக்களைத் தாலூகா ஆட்கள் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குவளையும் கிண்ணமுமாகத் தெருவே நின்றுகொண்டிருந்தது. அண்டா போவதைப் பார்ப்பதா, வந்தவனைப் பார்ப்பதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

வீரபாகு ஓடி வந்தான். "இன்னாடா, வேற அண்டா வருதா? இன்னா சொன்னாங்க?"

யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது சுப்பராயனுக்கு. நல்ல வார்த்தை சொல்லி ஏமாற்றிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றிற்று. மஹ்பூபி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அது முடியாமல் போயிற்று.

"ஒண்ணும் வராதுடா. தொட்டி போனதுக்கு நாந்தான் காரணம்" என்றான். "அன்னிக்கு டிப்டி கேட்டாருல்ல, சாப்பாடு ஆச்சான்னு. ஆச்சுங்கன்னுட்டேன். அதை வெச்சித்தான் மூடிட்டாங்க. உங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டேன். என்னை செருப்பால அடிங்க."

ஒருவரும் அடிக்கவில்லை. வண்டிக்காரன் மாட்டை அதட்டினான். வீரபாகு கீழே பார்த்துக்கொண்டு, கையிலிருந்த குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கிட்டயும் கேட்டாருடா. நானும் ஆச்சுங்கன்னுதான் சொன்னேன்" என்றான்.

எதிர்வீட்டு ரங்கம்மாள் இருமினாள். "நானுந்தான். வூட்டாண்ட வந்து நிக்கிறாரு. இல்லைன்னு எப்டி சொல்றது?"

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சத்தமில்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள். தெருவில் சொல்லாதவர் ஒருவரும் இல்லை.

அமிர்தவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா கொழம்புன்னு வேற கேட்டாருய்யா அந்தப் பாவி மனுசன். நான் மீன் கொழம்புன்னுட்டேனே! வாயி இருக்குதே என் வாயி!"

ரங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீரபாகுவுக்கும் வந்தது. அழுதுகொண்டே சுப்பராயனும் சிரித்துவிட்டான். பாவம் பத்துப் பேருக்குப் பொதுவானதில் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவன் மஹ்பூபி பக்கம் திரும்பினான்.

"விடு தங்கச்சி. எல்லாருந்தான் சொல்லிக்கீறோம். நீயும் மரியாதைக்குச் சொல்லியிருப்பே."

மஹ்பூபி சிரிக்கவில்லை.

"நான் படுதாவுக்கு உள்ள இருந்தேண்ணா. அவுரு வெளியில நின்னு கேட்டாரு. நான் வாய் தொறக்கறதுக்கு முன்ன சின்னது 'இல்ல, இல்ல'ன்னு சொல்ல ஆரம்பிச்சிடுச்சு." அவள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். "நாந்தான் வாயப் பொத்தினேன். பொத்திக்கினுதான் ஆச்சுங்கன்னேன்."

வண்டி தெருமுனை திரும்பிற்று. அவள் வலது கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு மறுபடியும் துடைத்தாள்.